ஆற்காட்டுப் பருவு

மகள் பிறந்த அன்று ஜகதீசன் முதலில் பார்த்தது அவள் கன்னத்தைத்தான். மூக்கு யார் ஜாடை, நிறம் யார் பக்கம் என்று வந்தவர்கள் எல்லாம் பேசிக்கொண்டிருக்க, இந்த மனுஷர் மட்டும் கட்டிலோரம் குனிந்து, துணிச் சுருளுக்குள் தெரிந்த இரண்டு விரல் அகலக் கன்னத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மழமழவென்று இருந்தது. அதற்காகச் சந்தோஷப்பட்டாரா என்றால் அதுவும் இல்லை. பதினாலு வயசுக்கு மேல்தானே தெரியும் என்று அன்றைக்கே கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

அவர் முகம் அப்படி. பதினாறு வயதில் கிளம்பிய பரு இருபத்துநாலு வரை விடவில்லை. பழுத்து, உடைந்து, ஆறி, மறுபடி பழுத்து, கடைசியில் இரண்டு கன்னத்திலும் குழி குழியாகத் தங்கிவிட்டது. ஆற்காட்டில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் கொத்தின அம்மி. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டில், மாப்பிள்ளைக்குச் சின்ன வயசில் பெரியம்மை போட்டிருந்ததா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, பிறகு கடுதாசியே போடவில்லை. மூன்றாவதாகப் பார்த்த மாயவரத்துக் கல்பகம்தான் சரி என்றாள். ஏன் சரி என்றாள் என்று ஜகதீசன் இன்றுவரை கேட்டதில்லை. கேட்டு, அவள் யோசித்து, மனதை மாற்றிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் கல்யாணமாகிப் பத்து வருஷம் வரை இருந்தது. அதற்கப்புறம் கேட்கிற பழக்கம் விட்டுப்போயிற்று.

அவர் பக்கத்து ஊர்களில் பருவைப் பருவு என்பார்கள். கல்பகத்துக்கு அது வேடிக்கை.

"பருன்னு ரெண்டு எழுத்தோட விடக் கூடாதா? உங்க ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு வு போட்டு நீட்டணும்."

"எங்க ஊர்ல வர்றது பெருசு. அதனால பேரும் பெருசு."

புருஷன் பெண்டாட்டிக்குள் இப்படி ஒரு கிண்டல் இருந்தால் குடும்பம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு எழுத்து பின்னால் இந்த வீட்டில் செய்த வேலையை அன்றைக்கு யார் கண்டது.

அறுபத்தாறில் தெலுங்கு நாட்டு ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் ஜகதீசனுக்கு வேலை கிடைத்தது. பெரிய பெரிய வார்ப்புகள் மேல் டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து, ஊசித் துளையோ கீறலோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் சாக்பீஸால் வட்டம் போடும் வேலை. அவர் வட்டம் போட்டது தப்பாகாது என்று பெயர் வாங்கியிருந்தார். குடியிருந்தது சனத்நகரில். கம்பெனி பஸ் சாயங்காலம் ஐந்தே காலுக்கு எர்ரகட்டா மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிஷ நடை.

அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான் அவருடைய நாளில் நல்ல நேரம். மகள் வேதா ஏழு வயதிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்து நிற்பாள். அவர் படியை விட்டு இறங்குவதற்குள் கையை நீட்டி டிபன் கேரியர் பையை வாங்கிக்கொள்வாள். அப்புறம் வீடு வரும் வரை பள்ளிக்கூடத்துக் கதை. கதை முழுக்கத் தெலுங்கில். நடுவில் கொஞ்சம் ஹவ், நக்கோ என்று அந்த ஊர் ஹிந்தி. தமிழ் அவளுக்குப் புரியும், வாயில் வராது. ஜகதீசனுக்குத் தெலுங்கு ஏதோ கத்தரிக்காய் வாங்கும் அளவுக்கு வரும். அவர் பாட்டுக்கு ஆற்காட்டுத் தமிழில் பதில் சொல்லிக்கொண்டு நடப்பார். அதே பஸ்ஸில் இறங்கும் பத்மநாபன் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஜகதீசன், அப்பனுக்கும் பொண்ணுக்கும் நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் போடணும்யா."

"எங்களுக்குள்ள எல்லாம் புரியுது சார்" என்றார் ஜகதீசன். அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

எழுபத்தொன்பது ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த வாரம், வேதாவின் மோவாயில் ஒன்று கிளம்பியது. அடுத்த வாரம் நெற்றியில் மூன்று. ஜூலைக்குள் இரண்டு கன்னமும் சிவந்துவிட்டது.

வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு வருவதுதான் என்று வேறு எந்த அப்பனும் விட்டிருப்பான். ஜகதீசன் விடுவாரா? பதினாலு வருஷமாகக் காத்திருந்தவர் ஆயிற்றே. வேர்க்கடலை கூடாது என்றார். மாம்பழம் கூடாது, ஆவக்காய் கூடாது. மழை நாளில் தெருமுனை வண்டியில் விற்கும் மிளகாய் பஜ்ஜிப் பக்கம் திரும்பக் கூடாது. கஸ்தூரி மஞ்சள் வந்தது, சந்தனக் கட்டை வந்தது, வேப்பிலை அரைத்தார்கள், ஜாதிக்காய் உரசினார்கள். டிஸ்பென்சரி டாக்டரம்மா, ஒன்றும் செய்ய வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்றார். அந்தம்மாவுக்கு வழவழவென்று முகம், அவருக்கு என்ன தெரியும் என்று ஜகதீசன் வெளியே வந்து முணுமுணுத்தார்.

எல்லாவற்றிலும் கொடுமை காலை நேரத்துச் சோதனை. ஏழு மணிக்கு மகளை ஜன்னல் பக்கம் நிறுத்தி, மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் அதே பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்ப்பார். நேற்றைக்கு இந்தப் பக்கம் ஐந்து, இன்றைக்கு ஏழு. அதன் பேரைக்கூட மகள் முன்னால் வாயால் சொல்ல மாட்டார், பெருமூச்சு விடுவார். சாக்பீஸ் எடுக்காததுதான் குறை. வேதா கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். கேட்டால் பர்வாலேதுப்பா, பரவாயில்லை என்பாள். முதலில் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். ஆகஸ்டில் சிரிப்பு இல்லை.

அந்த ஆகஸ்ட் பதினைந்துக்கு, நல்ல மார்க் வாங்கிய ஊழியர் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை மைதானத்தில் பரிசு கொடுப்பதாக இருந்தது. எட்டாம் வகுப்பில் வாங்கிய மார்க்குக்காக வேதாவுக்கும் ஒன்று. முந்தின நாள் சாயங்காலம் ஜகதீசன் சமையல்கட்டில் கீழே உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்த கல்பகத்திடம் மனதைக் கொட்டினார். அழாத குறை.

"என் பருவுதான் கல்பகம். வேற எதுவும் இல்ல. அப்படியே இவ மூஞ்சியில வந்து உக்காந்திருக்கு. இவளைப் பாக்கறப்பல்லாம் எனக்கு என் பருவுதான் நெனப்பு. நாளைக்கு மேடையில அத்தனை பேர் முன்னால போய் நிக்கப் போறா."

"நிக்கட்டுமே. அதுக்கு என்ன?" என்றாள் கல்பகம். "பேசாம இருங்க. காதுல விழப்போகுது."

வேதா பக்கத்து அறையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். பிரஷ் தேய்க்கும் சத்தம் நின்றது. ஜகதீசன் அதைக் கேட்டார். ஷூ ஒன்று முடிந்திருக்கும், அடுத்ததை எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. தலைவலி, நேனு ரானு, நான் வரவில்லை என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஜகதீசன் தனியாகப் போய், மகள் பெயரைக் கூப்பிட்டதும் தானே மேடையேறி, ஒரு எவர்சில்வர் டம்ளரும் சான்றிதழும் வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் வந்த திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் அவள் இல்லை. செவ்வாயும் இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் படிக்கணும் என்றாள். ஒரு வாரம் இப்படிப் போனதும் ஜகதீசன் கேட்பதை நிறுத்திவிட்டார். தான் கொண்டுவந்த பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

அவருக்குக் காரணம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டது என்று நினைத்தார். அந்த வயசுப் பெண்ணுக்கு இப்படி ஒரு மூஞ்சி கூடவே நடந்து வந்தால் எப்படி இருக்கும்? இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், இது எங்கிருந்து வந்தது என்று தெருவில் போகிறவனுக்குக்கூடத் தெரிந்துவிடாதா? அப்பனைப் பார்த்து மகளுக்கு வெட்கம். அதில் தப்பில்லை, நியாயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து காலைச் சோதனையை விட்டார். அதோடு நிறுத்தினாரா? அவள் ஸ்கூல் விழாவுக்குக் கல்பகத்தை மட்டும் அனுப்பினார். காலேஜில் சேர்க்கப் போனபோது கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். எண்பத்தேழில் விசாகப்பட்டினத்து மாப்பிள்ளை ஸ்ரீனிவாசனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்த அன்று, போட்டோ எடுக்கும்போது ஓரமாகப் போய்ப் பந்தக்காலுக்குப் பின்னால் நின்றார். ஆல்பத்தில் அவருடைய பாதித் தோள்தான் இருக்கிறது. எல்லாமே மகளுக்காகச் செய்கிற தியாகம் என்று நினைத்துக்கொண்டு செய்தார்.

இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், வேதாவின் பரு பத்தொன்பது வயதில் தானாகவே போய்விட்டது. வலது கன்னத்தில் மிளகளவு இரண்டு தழும்பு, அவ்வளவுதான். டாக்டரம்மா சொன்னதுதான் நடந்தது. பரு போனது, பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்ற பெண் திரும்பி வரவில்லை. எட்டு வருஷம் ஒரே வீட்டில் அப்பாவும் மகளும் சாப்பாட்டுக்கும் காசுக்கும் மழைக்கும் வெயிலுக்கும் மட்டும் பேசிக்கொண்டார்கள்.

எண்பத்தொன்பதில் ஜகதீசன் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, சூட்கேஸ் ஒன்று கொடுத்து, கம்பெனி பஸ்ஸிலேயே கடைசியாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பூதக்கண்ணாடியை மட்டும் ஞாபகத்துக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் வேதா பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. இந்தத் தடவை ஜகதீசன் ஆஸ்பத்திரியில் கன்னத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று சங்கல்பம் செய்துகொண்டு போய், குழந்தையின் காலையே பார்த்துவிட்டு வந்தார்.

சங்கல்பம் நாற்பத்தைந்து நாள் தாங்கியது. விசாகப்பட்டினத்துக்குத் திரும்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு முற்பகல், குளிப்பாட்டிய குழந்தையைக் கூடத்தில் பாயில் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் நேராகக் குழந்தை முகத்தில் விழுந்தது. கன்னத்தில் கடுகு கடுகாகச் சிவப்பாய் ஏழெட்டு. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார். மேசை டிராயரைத் திறந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"பால் பருங்க. எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதான். பத்து நாள்ல உதுந்துடும்" என்றாள் கல்பகம்.

அவர் காதில் அது ஏறவில்லை. "இவ மூஞ்சியிலயும் வந்துடுச்சே கல்பகம். என் பருவு இவளையும் விடலயே."

வேதா குழந்தையைச் சட்டென்று துண்டோடு அள்ளி மார்போடு வைத்துக்கொண்டாள். அவளுக்கு வாயில் வராத தமிழ் அன்றைக்கு வந்தது.

"அப்பா, இவளையாவது விட்டுடுங்க. நாப்பத்தஞ்சு நாள் குழந்தைப்பா. இவ எப்படிப்பா உங்க பருவைக் காப்பாத்துவா?"

ஜகதீசன் முழித்தார். "காப்பாத்தறதா? அதை எதுக்கும்மா காப்பாத்தணும்? போய்த் தொலையணும்னுதானே நான் இத்தனை வருஷமா…"

"போகணுமா?" வேதா அவரையே பார்த்தாள். "உங்க பருவு போகணும்னா நீங்க நெனச்சீங்க?"

கல்பகத்துக்குத்தான் முதலில் ஏதோ உறைத்தது. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வேதா, பருவுன்னா நீ என்னன்னு நெனச்சுக்கிட்டிருக்க?"

"பருவு அண்டே…" வேதா தடுமாறினாள். "பருவும்மா. இஜ்ஜத். மரியாதை, மானம். அதானே?"

தெலுங்கில் அதுதான். பருவு என்றால் மானம், கௌரவம். பருவு போயிந்தி என்றால் மானம் போயிற்று. கல்பகம் பக்கென்று சிரித்துவிட்டாள். "அடிப்பாவி, பருவுன்னா பருடி. பிம்பிள்ஸ். இது உங்கப்பா ஊர்ப் பேச்சு. நீங்கல்லாம் மொட்டிமலுன்னு சொல்லுவீங்களே, அது." சொல்லிக்கொண்டே வந்தவள் மகள் முகத்தையும் புருஷன் முகத்தையும் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

வேதா மெதுவாகச் சொன்னாள். தமிழும் தெலுங்குமாக வந்தது. "நைன்த் கிளாஸ்ல. ஆகஸ்ட் பதினாலு. நான் ஷூ பாலிஷ் பண்ணிட்டிருந்தேன். என் பருவு இவ மூஞ்சியில உக்காந்திருக்கு, இவளைப் பாத்தா என் பருவுதான் நெனப்புன்னு சொன்னீங்க. நாளைக்கு அத்தனை பேர் முன்னால நிக்கப் போறான்னு சொன்னீங்க. நான் மேடையில வந்து நின்னா உங்க மானம் போயிடும்னு நெனச்சேன். பஸ் ஸ்டாப்லயும் உங்க ஆபீஸ் ஆளுங்கதானே இறங்குவாங்க. அதான் வரல."

ஜகதீசனுக்குக் கையில் இருந்த கண்ணாடி கனத்தது. பருவு போயிந்தி. தொழிற்சாலை கேன்டீனில் இருபத்துமூன்று வருஷம் தினம் ஒரு தடவையாவது காதில் விழுந்த வார்த்தை அது. வார்ப்பு ஒன்று உடைந்தால் சொல்வார்கள், கிரிக்கெட்டில் தோற்றால் சொல்வார்கள். அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பருவை வெளியிலும் இந்தப் பருவை வீட்டிலும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே சத்தம் என்று ஒருநாள்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஊசித் துளையைக் கண்டுபிடிக்கிற மனுஷர்.

"நீ கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

"என்னன்னு கேக்கறது? நான் கூட வந்தா உங்களுக்கு அவமானமான்னா?" வேதா குழந்தையின் தலையைத் துடைத்தாள். "நீங்க கேட்டிருக்கலாமே. ஏன் வரலன்னு. ஒரு வாரம் கேட்டீங்க. அப்புறம் விட்டுட்டீங்க. நான் வராததே உங்களுக்கு நிம்மதின்னு நெனச்சுக்கிட்டேன்."

கேட்டிருக்கலாம்தான். ஒரே ஒரு தடவை உட்காரவைத்து, ஏம்மா என்று கேட்டிருந்தால் பதினோரு வருஷம் மிஞ்சியிருக்கும். ஜகதீசன் கண்ணாடியைப் பாயில் வைத்தார். சொல்லாமல் வைத்திருந்ததை இனி எதற்கு வைத்திருப்பது என்று சொல்லிவிட்டார்.

"எனக்குத் தெரியும்னு நெனச்சேன். என் மூஞ்சியோட கூட நடக்க உனக்கு வெக்கமா இருக்குன்னு. அதான் நானே ஒதுங்கிட்டேன். உன் கல்யாண போட்டோவுல கூட."

வேதா நிமிர்ந்து பார்த்தாள். அவர் சொன்னது புரியாதவள்போல நெற்றியைச் சுருக்கி, அவர் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"உங்க மூஞ்சிக்கு என்னப்பா?"

கிண்டல் இல்லை, சமாதானமும் இல்லை. நிஜமாகவே கேட்டாள். ஆற்காட்டுப் பையன்களும், பதில் போடாத இரண்டு வீட்டாரும், ஷேவ் செய்யும்போது தினம் கண்ணாடியில் அவரும் பார்த்த அந்த முகத்தை இவள் ஒருநாளும் பார்த்ததே இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் அப்பாவைத்தான் பார்த்திருக்கிறாள். அவளைப் போய் ஜன்னலோரம் நிறுத்திவைத்து, தன் முகத்தை அவள் முகத்தில் தேடியது தான்தானே என்று ஜகதீசனுக்கு அப்போதுதான் விளங்கியது. கொடுக்கக் கூடாது கொடுக்கக் கூடாது என்று பயந்த கூச்சத்தை, பரு கொடுக்காமல் விட்டாலும், அவரே கையால் கொடுத்திருக்கிறார். மேல்துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். கல்பகம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வேதா குழந்தையை அம்மா மடியில் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள். "வாங்க" என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. இரண்டு பேரும் எர்ரகட்டா மெயின் ரோடு வரை நடந்தார்கள். அவர் பழக்கதோஷத்தில் நாலடி பின்தங்கினார். அவள் நின்று, அவர் பக்கத்தில் வந்த பிறகே நடந்தாள். பேச்சு அதிகம் இல்லை. விசாகப்பட்டினத்துக் குவார்ட்டர்ஸில் தண்ணீர் காலையில்தான் வரும் என்றாள். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் மாறிவிட்டதா என்று இவர் கேட்டார். பஜ்ஜி வண்டி இருந்த இடத்தில் வீடியோ கேசட் கடை வந்திருந்தது.

ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ் வந்தது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். எல்லாம் இந்த வருஷம் சேர்ந்த புதுப் பையன்கள், ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை. பத்மநாபன் ஓய்வு பெற்று ஊரோடு போய் மூன்று வருஷம் ஆகிறது. கடைசி ஆளும் இறங்கியதும் பஸ் கிளம்பிப் போய்விட்டது.

வேதா அவர் பக்கம் திரும்பி, சின்ன வயசில் நீட்டியது போலவே கையை நீட்டினாள். வாங்கிக்கொள்ள அவரிடம் பை இல்லை.